நாலு மாதம் கிடந்த பச்சை விறகு: யாழ்ப்பாண உணவகம் ஒன்றின் ஸ்மோக்கரில் நடந்தது

பின்னணி

யாழ் நகருக்கு வடக்கே, பருத்தித்துறை வீதியை அண்டிய சிறிய உணவகம் அது. உரிமையாளர், கனடாவிலிருந்து திரும்பியிருந்த அவருடைய மருமகன், ஒரு சமையற்காரர், இரண்டு உதவியாளர்கள். மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மனதில் வைத்து, கார்த்திகையில் விறகு நெருப்பின் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெல்ல வேகவைக்கும் பார்பிகியூ ஸ்மோக்கர் ஒன்றைச் செய்வித்தார்கள்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்த பொருள். இறைச்சி வைக்கும் அறைக்கு 200 லீற்றர் பீப்பாயைக் குறுக்கே படுக்கவைத்து வெட்டியிருந்தார்கள். உட்பூச்சு முழுவதும் போகும்வரை பீப்பாயை முதலிலேயே எரித்துச் சுரண்டியாயிற்று. பக்கத்தில் 6 மில்லிமீற்றர் தகட்டில் 40 சென்ரிமீற்றர் சதுர நெருப்புப் பெட்டி, மறுமுனையில் 10 சென்ரிமீற்றர் குழாயில் 90 சென்ரிமீற்றர் உயரப் புகைபோக்கி. இறைச்சி அறையின் கொள்ளளவில் மூன்றில் ஒன்று நெருப்புப் பெட்டிக்கு என்ற கணக்கு சரியாகவே இருந்தது. அளவுகளை இங்கே கொடுப்பதற்குக் காரணம் உண்டு: பழி முதலில் விழுந்தது இந்தப் பீப்பாய் மேல்தான்.

வெள்ளிக்கிழமை ஊரில் மச்சம் (இறைச்சி, மீன்) ஓடாது என்பதால் சனி, ஞாயிறு இரவுகளுக்கு மட்டும் முழுக்கோழியும் ஆட்டுத் தொடையும் என்று முடிவாயிற்று. அறை வெப்பம் 120 முதல் 135 பாகை செல்சியஸ் வரை நிற்க வேண்டும் என்பது இலக்கு. விறகு விற்கும் இடமான ‘விறகு காலை’ ஒன்றில் 8 அந்தர் (ஏறத்தாழ 400 கிலோ) புளி விறகு வாங்கினார்கள். ‘காய்ஞ்ச விறகு’ என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.

முதல் இரண்டு வார இறுதிகள்

முதல் சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் எரித்தும் அறை 95 பாகையைத் தாண்டவில்லை. புகைபோக்கியிலிருந்து பால்போல் வெள்ளையாய், கனத்த புகை வந்தது. மூடியின் கீழ் விளிம்பில் பழுப்புத் தண்ணீர் கோடாக வடிந்து, ஆறியதும் தார் போல ஒட்டிக்கொண்டது. கோழித் தோல் கறுத்துப் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தால் முதலில் கசப்பு, பிறகு ஒரு மரமரப்பு. ஞாயிறும் இதே கதை. அடுத்த கிழமை ஊதுவிசிறி வைத்து ஊதினார்கள். ஊதும்வரை வெப்பம் ஏறியது, நிறுத்தியதும் விழுந்தது. சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டியதுதான் மிச்சம். அந்த இரண்டாம் சனியன்று மேசைக்குப் போன பதினொரு தட்டில் நாலு திரும்பி வந்தது.

தேடியது வேறு இடத்தில்

சமையற்காரர் மசாலாவைச் சந்தேகித்தார். யாழ்ப்பாணக் கறித்தூளைத் தடவி நீண்ட நேரம் வைத்தால் மிளகாயும் வெந்தயமும் கருகிக் கசக்கும் என்பது அவர் வாதம். பொதுவாகப் பிழையில்லாத வாதம்தான், ஆனால் 95 பாகையில் எதுவும் கருகாது. உப்பு மட்டும் தடவி வைத்த கோழியும் அதேபோலக் கசந்தபோது அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

மருமகன் புகைபோக்கியைச் சந்தேகித்தார். இன்னும் 60 சென்ரிமீற்றர் குழாய் ஒட்டுவித்தார்கள். மாற்றம் ஒன்றுமில்லை. இரண்டு சோதனைக்கும் ஒன்றரைக் கிழமையும் பட்டறைக் கூலியும் போயிற்று.

கரிச் சோதனை

திருப்பம் வந்தது சிரட்டைக்கரியால். விறகே போடாமல் 4 கிலோ சிரட்டைக்கரியை மட்டும் மூட்டிப் பார்த்தார்கள். 25 நிமிடத்தில் அறை 130 பாகைக்கு வந்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே நின்றது. புகைபோக்கி வாயில் வெப்பக்காற்றின் அசைவு மட்டும் தெரிந்தது. பீப்பாய் நன்றாக இழுக்கிறது, காற்று போகிறது, ஒட்டில் கசிவு இல்லை. ஆக, பழுது விறகில்.

எந்த ஸ்மோக்கரிலும் குறை தேடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். ஒரு மாலையும் ஒரு பை கரியும் போதும். இங்கே அது மூன்றாவதாக நடந்தது.

விறகை அளந்தது

கொழும்பிலிருந்து ஊசி வைத்த ஈரப்பத மீற்றர் ஒன்றை அழைப்பித்தார்கள். மலிவான ரகம்தான், இந்த வேலைக்கு அது போதும். முதல் நாள் மீற்றரை விறகின் வெளிப்புறத்திலும் வெட்டுமுனையிலும் குத்தியதில் 16, 17 என்று காட்டியது. 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் நல்ல விறகு என்று எங்கோ படித்திருந்த மருமகன் குழம்பிப் போனார். ஊசி போவது சில மில்லிமீற்றர் ஆழம் மட்டும். வெட்டுமுனையும் மேற்பரப்பும்தான் முதலில் காய்கிற இடங்கள். அங்கே குத்தினால் எந்தப் பச்சை மரமும் நல்ல பிள்ளையாய்த் தெரியும். கட்டையை நெடுக்கே பிளந்து, பிளந்த அந்த நிமிடமே, புது முகத்தின் நடுவில், நாரோட்டத்தின் போக்கில் இரண்டு ஊசியும் இறங்கக் குத்த வேண்டும்.

அப்படிப் பிளந்து குத்தினால் 33, 36, 34, 38.

மீற்றர் 30க்கு மேல் நம்பிக்கையாகச் சொல்லாது என்பதால் அதையும் சரிபார்த்தார்கள். கட்டை ஒன்றின் நடுப்பகுதியில் அறுத்த துண்டு 412 கிராம் நிறுத்தது. சமையலறை மின்சார ஓவனில் 105 பாகையில் வைத்து, நிறை குறையாமல் நிற்கும்வரை, 18 மணித்தியாலம் காய விட்டதில் 305 கிராம். போன தண்ணீர் 107 கிராம். அதை உலர்ந்த நிறையால் வகுத்தால் 35 சதவீதம். அதே துண்டுக்கு மீற்றர் 33 காட்டியிருந்தது.

விறகு காலைக்காரர் ஏமாற்றியதாக உரிமையாளர் கோபத்தோடு போனார். மருமகனும் கூடப் போனார்.

“தம்பி, இது ஆவணியில தறிச்ச கட்டை. நாலு மாசமாய் இஞ்சதான் கிடக்குது. பச்சை எண்டு சொல்லக்கூடாது.”

“ஆவணியில தறிச்சது சரி அண்ணை. எப்ப பிளந்தது?”

“பிளந்தது நீங்கள் வந்து கேட்டாப்பிறகுதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. 20 சென்ரிமீற்றர் பருமனான உருளைக் கட்டை, பட்டையோடு, மண்ணில், குவியலாக, அதில் மூன்று மாதம் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழை. பட்டை தண்ணீரை வெளியே விடாது. நாலு மாதமல்ல, எட்டு மாதம் அப்படிக் கிடந்தாலும் நடு காயாது. அடுப்பெரிக்க வாங்குகிறவர்களுக்கு அது குறையாகப் படுவதில்லை. சோற்றுப் பானைக்குள் புகை போவதில்லையே. ‘காய்ஞ்சது’ என்ற சொல்லுக்கு விற்றவரிடம் ஒரு பொருள், ஸ்மோக்கருக்கு வேறு பொருள்.

தட்டிப் பார்க்கும் வழக்கமும் இங்கே கைவிட்டது. இரண்டு கட்டையை மோதினால் கணீரென்று கேட்டது. புளி இறுக்கமான மரம். வெளி ஓடு காய்ந்தாலே அந்தச் சத்தம் வந்துவிடும். முனை வெடிப்பும் இதேபோலப் பாதி உண்மைதான் சொல்லும்.

ஏன் கசந்தது

35 சதவீத ஈரமுள்ள 2 கிலோ கட்டையில் அரை லீற்றருக்குச் சற்று மேல் தண்ணீர் இருக்கிறது. அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கச் செலவாகும் வெப்பம், அந்தக் கட்டை தரும் மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆகவே ‘ஈரம் வெப்பத்தைத் தின்றுவிட்டது’ என்பது பாதி விளக்கம். முக்கியமானது எங்கே தின்கிறது என்பது. மரம் சூடாகும்போது முதலில் வாயுக்கள் வெளியேறும். அவை சுவாலையில் பற்றி எரிந்தால்தான் சுத்தமான புகை. கட்டையின் மேற்பரப்பில் ஆவி அடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் குளிர்ந்து வாயு பற்றாது. பற்றாத வாயு, தார்த்துளிகளாக அறைக்குள் போய், குளிர்ந்த கோழித் தோலிலும் மூடியிலும் படியும். நாக்கை மரக்கச் செய்த பிசின் அதுதான். நெருப்பு மங்குகிறது என்று காற்றுத் துவாரத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடினால் படிவு இன்னும் கூடும்.

பணக் கணக்கும் உண்டு. விறகு நிறுத்து விற்கப்படுகிறது. ஓர் அந்தர் என்பது 50.8 கிலோ, 35 சதவீத ஈரத்தில் அதில் 13 கிலோ தண்ணீர். அதே மரம் 16 சதவீதத்துக்கு வந்தால் அந்தருக்கு 7 கிலோ குறையும். 8 அந்தருக்கு ஓர் அந்தருக்கு மேல் தண்ணீருக்கே காசு போயிருக்கிறது.

எடுத்த முடிவுகள்

பழைய வீட்டு மரம் வாங்கலாம் என்பது உரிமையாளரின் முதல் யோசனை. நன்றாகக் காய்ந்தது, மலிவு. ஆனால் கதவு, நிலைகளில் பெயின்ற், கைமரங்களில் கறையானுக்குப் பூசிய பழைய என்ஜின் ஓயில். இன்னொரு வகையும் இங்கே இருக்கிறது: 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்ற பிறகு கழற்றிப் போர்க்காலப் பங்கர்களுக்குப் போன தண்டவாளச் சிலிப்பர் கட்டைகள் இன்னும் வளவுகளில் கிடக்கின்றன. கிரியோசோட் (மரம் உக்காமலிருக்க ஊட்டும் நச்சுத் தார் எண்ணெய்) ஊறிய கட்டையை உணவுக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. இந்த வழி முழுவதும் கைவிடப்பட்டது. வன்னிக் காட்டு விறகுக்கு அனுமதிப் பத்திரம், லொறிக் கூலி. அதுவும் பச்சையாகத்தான் வரும்.

மர வகையிலும் ஒரு வடிகட்டல் நடந்தது. வேம்பு வேண்டாம் என்று சமையற்காரர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். களப்புக் கரைத் தில்லை கண்ணைப் பறிக்கும் பால் உள்ள மரம். சீமைக்கிளுவை எலிக்கு நஞ்சாகப் பயன்படுவது. அலரியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கடலில் ஒதுங்கிய மரமும் உப்பேறிய தோணிப் பலகையும் கூடாது. உப்பு மீற்றரையும் ஏமாற்றும், புகையையும் கெடுக்கும். வெப்பத்துக்குப் புளி, வாசத்துக்குக் கொய்யாவும் மாவும் என்று நின்றது.

காய்ந்த விறகு எங்கும் விற்பனைக்கு இல்லை என்பது இதற்குள் தெளிவாகிவிட்டது. கையிலிருக்கும் விறகைத் தற்காலிகமாகக் காயவைப்பது, அடுத்த மழைக்கு முன் சொந்தமாக ஓர் அடுக்கைக் காயவைத்து முடிப்பது என்று இரண்டு வேலையாகப் பிரித்தார்கள்.

போறணை

அயல் ஊர் பேக்கரி ஒன்றில் பாண் சுடும் விறகுப் போறணை இருந்தது. காலைப் பாண் இறக்கியபின் பின்னேர வேலை தொடங்கும்வரை அது சும்மா கிடக்கும். புளி விறகை 30 சென்ரிமீற்றர் நீளத்தில் அறுத்து, ஆப்பு வைத்து மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்தார்கள். புளியின் நார் பின்னிக் கிடப்பதால் வெறும் கோடாலி சரிவராது. உதவியாளர் இருவருக்கும் முழு நாள் வேலை. பாண் இறக்கிய சூட்டில் விறகை வைத்தால் கருகும், பற்றவும் கூடும். அதனால் இரண்டு மணித்தியாலம் பொறுத்து, 120 பாகைக்கு இறங்கியபின் இரும்புத் தட்டில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஆவி போகக் கதவை ஒரு செங்கல் அகலத்துக்குத் திறந்து வைத்தார்கள். நாளுக்கு 5 மணித்தியாலப்படி மூன்று நாள். பிளந்து அளந்தபோது 20க்கு வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை கோழி கசக்கவில்லை.

அடுத்த தவணையில்தான் சறுக்கல். பேக்கரி இரண்டு நாள் பூட்டியிருந்ததால் விறகு உள்ளேயே இருந்துவிட்டது. எடுத்தபோது 8. கூடக் காய்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று அப்படியே போட்டார்கள். ஒரு துண்டு 12 நிமிடத்தில் எரிந்து முடிந்தது, அறை 175 பாகைக்குத் தாவியது, தோல் உண்மையாகவே கருகியது. இந்த முறை மிளகாயும்தான். அந்த விறகை நிழலில் மூன்று கிழமை பரப்பி வைத்ததும் காற்றின் ஈரத்தை எடுத்து 13க்கு வந்தது. ஸ்மோக்கருக்கு 15 முதல் 20 வரை இதமான அளவு. அதற்கு வெகுவாகக் கீழே போக இந்த ஊரில் வெறுங்காற்றால் முடியவும் முடியாது: காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தில் நின்றால் மரம் 13 அளவிலும், 80இல் 16 அளவிலும் நின்றுவிடும். ‘10க்குக் கீழே காய்ந்தது’ என்று இங்கே யாராவது விற்றால் அது போறணையோ சூளையோ கண்ட விறகு.

சோழகத்துக்கு அடுக்கியது

மாசியில் 20 அந்தர் புளியும் 2 அந்தர் கொய்யாவும் கொஞ்சம் மாவும் வந்தன. இந்த முறை பச்சை என்று தெரிந்தே, பச்சை விலைக்கு. ஒரு கிழமைக்குள் அறுத்துப் பிளந்து முடித்தார்கள். புளிக்கு 7 சென்ரிமீற்றர், கொய்யாவுக்கு 5.

வீட்டுக் கோடியில் மதிலிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, ஒரு துண்டு ஆழத்துக்கு மட்டும் ஒற்றை வரிசையாக, நெஞ்சு உயரத்துக்கு அடுக்கு எழும்பியது. மரத்திலிருந்து ஈரம் வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாகப் போகும். எனவே முனைகள் தென்மேற்கைப் பார்க்க, வைகாசி முதல் புரட்டாதி வரை அடிக்கும் சோழகக் காற்று நேரே உள்ளே புகுந்து மறுபக்கம் போகும்படி வைத்தார்கள். அடியில் முதலில் தென்னங்குற்றி போட்டார்கள். இரண்டே மாதத்தில் கறையான் ஏறியது. சீமெந்துக் கல்லுக்கு மாற்றினார்கள்.

சித்திரை மழை ஒன்றுக்குப் பயந்து அடுக்கு முழுவதையும் தார்ப்பாய்ப் படங்கால் சுற்றிக் கட்டி, மூன்று கிழமை மறந்துபோனார்கள். அவிழ்த்தபோது கீழ் மூன்று வரிசையிலும் பூஞ்சணம். மேலோட்டமாகப் பிடித்ததைத் தும்புத்தடியால் தேய்த்து வெயிலில் போட்டார்கள். ஆழமாகப் பிடித்தது சோற்று அடுப்புக்குப் போயிற்று. அதன்பின் மேலே மட்டும் தகரம், நாலு பக்கமும் திறந்தபடி.

மீற்றருக்காகக் கட்டையைப் பிளந்துகொண்டே இருக்க முடியாதல்லவா? ஐந்து துண்டுக்குச் சோக்கால் இலக்கம் போட்டு, கிழமைக்கொருமுறை சமையலறைத் தராசில் நிறுத்தார்கள். மூன்றாம் இலக்கப் புளித் துண்டின் கணக்கு: மாசியில் 1,940 கிராம், சித்திரையில் 1,760, ஆனியில் 1,630, ஆடிக் கடைசியில் 1,575, ஆவணிக் கடைசியில் 1,566. கடைசி மாதம் முழுவதும் 9 கிராம்தான் போயிருக்கிறது, அதாவது காற்று கொடுக்கக்கூடியது முடிந்தது. பிளந்து அளந்தால் 17. கொய்யா ஆனியிலேயே தயாராகிவிட்டது.

நல்லூர்க் கொடியேறி 25 நாளும் மச்சம் ஓடாததால் ஸ்மோக்கர் ஓய்ந்திருந்தது. அந்த நாட்களில் விறகு முழுவதும் தகரக் கூரை போட்ட பத்திக் கொட்டிலுக்கு மாறியது. பீப்பாயின் உட்படிவையும் சுரண்டி எடுத்தார்கள். பழைய தார் அங்கேயே இருந்தால் நல்ல விறகிலும் சூடேறும்போது கசப்பு திரும்பி வரும்.

பிறகு நடந்தது

இப்போது 2 கிலோ சிரட்டைக்கரித் தணலில் தொடங்குகிறார்கள். அடுத்துப் போடவிருக்கும் துண்டு நெருப்புப் பெட்டியின் மேல் கிடந்து சூடாகும். 35 நிமிடத்துக்கு ஒரு துண்டு; போட்டதும் சுவாலை பிடிக்கும்வரை கதவு சற்றுத் திறந்திருக்கும். புகைபோக்கி எப்போதும் முழுத் திறப்பு, வெப்பத்தை ஆள்வது கீழ்க் காற்றுத் துவாரம் மட்டும். 40 நிமிடத்தில் அறை 125க்கு வருகிறது. புகை, ஆகாயத்தைப் பின்னால் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய நீலம். கோழி இரண்டரை மணித்தியாலத்தில் உள்ளே 74 பாகையைத் தாண்டுகிறது. ஓர் இரவுக்கு 23 கிலோ விறகு போன இடத்தில் 14 போகிறது. ஐப்பசிக்குப் பிறகு கசப்பென்று எந்தத் தட்டும் திரும்பவில்லை. நடு மழையில் பத்தி விறகு 19க்கு ஏறியது. எரிப்பதற்குக் கொஞ்சம் முந்தியே பெட்டி மேல் வைத்துச் சமாளித்தார்கள்.

இனி மாற்ற இருப்பது

வாங்கும் மாதம் தை. மழை முடிந்த கையோடு வாங்கிப் பிளந்தால் சோழகத்துக்கு முன் இன்னொரு மாத வெயில் கிடைக்கும். இரண்டு வருட விறகு கையில் இருந்தால் அவசரம் இல்லை என்பதால் இந்த முறை அளவு 35 அந்தர். எப்போதாவது காய்ந்தது என்று சொல்லி யாரிடமாவது வாங்க நேர்ந்தால், காசு கொடுக்கும் முன் குவியலின் நடுவிலிருந்து ஒரு கட்டையை அவர்கள் முன்னாலேயே பிளந்து குத்திப் பார்ப்பது என்று வைத்திருக்கிறார்கள். விறகு காலைக்காரர் இதற்கு முகம் சுளிக்கவில்லை. மாறாக, பிளந்து அடுக்கிய விறகைக் கூடிய விலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டார். அந்தருக்கு 7 கிலோ தண்ணீர் கழிகிறதே, அதை யார் ஏற்பது என்பதில் பேச்சு நிற்கிறது.

புகைபோக்கிக்கு ஒட்டிய 60 சென்ரிமீற்றரைக் கழற்றிவிட்டார்கள். தீராமல் இருப்பது கொய்யா. வீட்டு வளவுகளில் வெட்டும் கொப்புகளை நம்பியே இருப்பதால் 2 அந்தருக்கு மேல் சேரவில்லை; மார்கழிக்கு முன்பே முடிந்து, மிச்ச மாதங்களுக்கு மாதான் சேர்ந்தது. வாசம் மாறியதைக் கண்டுபிடித்தவர் சமையற்காரர் மட்டும்.